அடிப்படியில் நின்ற கார்

இலக்கியம் பேசும் இடத்தில் காருக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றி எழுதிவைத்துப் போகும் பிரதிகள் அனைத்தும் புத்தகங்களாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. விலைப்பட்டியலும் ஒரு பிரதிதான். சில வேளைகளில் நாவலைவிட ஒளிவுமறைவற்ற பிரதி. ஆஸ்திரேலியாவில் 1978 முதல் 2017 வரை கட்டப்பட்ட ஹோல்டன் கொமடோர் என்னும் பெரிய குடும்பக் காரின் வகைப்பட்டியலை அவ்வாறு வாசித்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம். அந்தக் காரின் மறைவுக்கு அந்நாட்டில் ஏராளமான இரங்கலுரைகள் எழுதப்பட்டுவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தவறான காருக்காக அழுகின்றன என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் பிறப்பு. 1948 நவம்பரில் பிரதமர் பென் சிஃப்லி திரைவிலக்கிக் காட்டிய முதல் ஹோல்டன், ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார் என்று கொண்டாடப்பட்டது. அதன் மூல வரைவோ அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கு வேண்டாமென்று ஒதுக்கிவைத்த ஒன்று. 1970களில் அந்த நாட்டு விளையாட்டையும் கங்காருவையும் ஹோல்டனோடு ஒரே மூச்சில் சேர்த்துப் பாடிய புகழ்பெற்ற விளம்பரப் பாட்டும் அதே நிறுவனத்தின் அமெரிக்க விளம்பரத்தின் தழுவல்தான். பெயர்ச்சொற்கள் மட்டும் மாறின. ஆகவே 1978 அக்டோபரில் வந்த முதல் கொமடோர் ஜெர்மனியின் ஓப்பல் ரெக்கார்டைத் தழுவியது என்பதில் வியப்பேதுமில்லை. ரெக்கார்டின் உடலில், நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இடம் தரும்பொருட்டு, ஓப்பல் செனட்டரின் முகப்பைப் பொருத்தினார்கள். சோதனைக்குக் கொண்டுவரப்பட்ட ஜெர்மானியக் கார், உட்பகுதியின் கரடுமுரடான சாலைகளில் ஓடி, எஞ்சின் தடுப்புச் சுவரையொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது என்ற கதையை இன்றும் சொல்வார்கள். அதன்பின் அந்த உடல் நெடுகிலும் வலுவூட்டப்பட்டது. மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர்களுக்கு இந்த அனுபவம் புரியும். மூலம் நல்ல சாலைக்காக எழுதப்பட்டது. வந்து சேர்ந்த மண்ணோ வேறு. முதுகெலும்பை மாற்றிக் கட்டிய பிறகு அதைத் தழுவல் என்பதா, சொந்தம் என்பதா? நாம் சொந்தம் என்றே சொல்வோம்.

அதற்கு முன்னிருந்த கிங்ஸ்வுட் அகலமான கார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய எச்சரிக்கையில் பிறந்த கொமடோர் அதைவிட ஒடுக்கமானது. பின்னிருக்கையில் மூவர் தோளோடு தோள் இடிக்காமல் உட்காருவது கடினம். டாக்சிக்காரர்கள் இதை உடனே கண்டுகொண்டு போட்டியாளரான ஃபோர்டு ஃபால்கனிடம் போய்ச் சேர்ந்தார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தவென்று 1980இல் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றையும் கொமடோரில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினில் இரண்டை வெட்டிக் கழித்துச் செய்த எஞ்சின் அது. அந்தக் கனத்தை இழுக்க எப்போதும் முழு வேகத்தில் மிதிக்கவேண்டியிருந்ததால் மிச்சம் பிடித்த பெட்ரோலும் பெரிதாக இல்லை. 'ஸ்டார்ஃபயர்' என்ற அதன் பெயரை மக்கள் 'மிஸ்ஃபயர்' என்று திருத்திக்கொண்டார்கள். பெயரிடுவதில் விளம்பரத் துறையைவிடப் பொதுமக்களுக்குத் திறமை அதிகம் என்பதற்கு இது ஒரு சான்று.

பெயர்களைப் பற்றிப் பேசவேண்டும். தொடக்கத்தில் வெறும் கொமடோர், எஸ்.எல்., எஸ்.எல்./இ என்று எழுத்துகளே படிநிலையைக் குறித்தன. 1984இல் வந்த விகே வரிசையிலிருந்து எக்ஸிகியூட்டிவ், பெர்லினா, காலே என்று பெயர்கள் வந்தன. பெர்லினா என்றால் இத்தாலிய மொழியில் செடான் கார் என்றுதான் பொருள். காலே என்பது பிரான்ஸின் ஒரு துறைமுக நகரம். ஒன்று ஒரு பொதுப்பெயர், மற்றொன்று கப்பலேறும் இடம். ஆனால் ஆங்கிலம் பேசும் புறநகர் ஒன்றின் வீட்டு வாசலில் நிற்கும்போது இரண்டுக்கும் ஒரு ஐரோப்பிய மணம் வந்துவிடுகிறது. இவற்றுள் நம்மை மிகவும் ஈர்ப்பது எக்ஸிகியூட்டிவ். உயர் அதிகாரி என்று பொருள்படும் இந்தப் பெயர் ஏணியின் உச்சிக்குத்தானே போயிருக்கவேண்டும்? போகவில்லை. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்த, அலங்காரம் எதுவுமற்ற கீழ்ப்படிக் காருக்கே அந்தப் பெயர். 2006இல் எக்ஸிகியூட்டிவை நீக்கிவிட்டு அதே கீழ்ப்படிக்கு ஒமேகா என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து! இம்முறை குறைந்தபட்சம் உண்மையைச் சொன்னார்கள்.

குடும்பக் கார் என்ற சொல்லையும் சற்று நின்று கவனிக்கவேண்டும். இந்தக் கார்களில் பெரும்பகுதியை வாங்கியவை குடும்பங்கள் அல்ல. மாநில அரசுகளும் நிறுவனங்களும்தான். வாரநாட்களில் விற்பனைப் பிரதிநிதியோ மேற்பார்வையாளரோ ஓட்டுவார். சனி ஞாயிறுகளில் அதே கார் பிள்ளைகளைக் கிரிக்கெட்டுக்கு அழைத்துச் செல்லும், படகையோ கேரவனையோ பின்னால் கட்டி இழுக்கும். அலுவலகக் காரை ஊழியர் சொந்தத்துக்குப் பயன்படுத்துவதற்குப் பணியாளர் சலுகை வரி உண்டு. 2011 வரை அந்த வரியின் ஒரு கணக்குமுறையில், ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடியதோ அதற்கேற்ப விகிதம் குறைந்துகொண்டே போகும். வரியாண்டு மார்ச் 31இல் முடியும். அடுத்த படிக்கு இன்னும் சில நூறு கிலோமீட்டர் தேவைப்பட்டால், எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவார்கள். வரிச்சட்டம் ஒன்று மக்களைக் காரணமில்லாத பயணங்களுக்கு அனுப்பிய இந்த விசித்திரத்தைப் பற்றி யாராவது ஒரு நல்ல சிறுகதை எழுதியிருக்கவேண்டும்.

எல்லாப் படிகளுக்கும் உடல் ஒன்றே. எக்ஸிகியூட்டிவும் காலேயும் ஒரே தகடு, ஒரே கதவு, ஒரே நீளம். ஆகவே படிநிலையைச் சிறு அடையாளங்களால் காட்டவேண்டியிருந்தது: சக்கரத்தில் பிளாஸ்டிக் மூடியா அலாய் வார்ப்பா, இருக்கையில் துணியா தோலா, முகப்பில் வெள்ளிப்பட்டை உண்டா இல்லையா. வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே கார். தெருவில் வசிப்பவர்களோ பத்தடி தூரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்ததை வாசித்துவிடுவார்கள். தம்மைச் சமத்துவவாதிகள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகத்துக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு இது என்று நினைக்கிறோம். எல்லோருக்கும் ஒரே உடல்; வேறுபாட்டை மட்டும் மெல்லிய குரலில் சொல்லவேண்டும்.

மெல்லிய குரலில் சொன்ன வேறுபாடுகள் எல்லாம் தீங்கற்றவை அல்ல. 1990களின் முற்பகுதியில் எக்ஸிகியூட்டிவில் குளிர்சாதனத்துக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். அடிலெய்டின் கோடையில் அதுவே சிறு கொடுமைதான். அதைக்கூட விட்டுவிடலாம். 1993இல் வந்த விஆர் வரிசைதான் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கொண்டுவந்த முதல் ஆஸ்திரேலியத் தயாரிப்பு. அதே வரிசையில் அக்ளெய்ம் என்று புதிய படி ஒன்றைச் சேர்த்தார்கள். காற்றுப்பையும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக்கும் அதில் விலையோடு சேர்ந்தே வரும். குடும்பங்களுக்காகவே செய்தது என்றார்கள். கீழே இருந்த எக்ஸிகியூட்டிவுக்கு அவை விருப்பத் தேர்வு. மொத்தமாக வாங்கும் நிறுவனத்தின் கணக்கர், வேறொருவர் ஓட்டப்போகும் காருக்கு இந்த விருப்பத்தைத் தேர்வாரா என்பதை ஊகிப்பது கடினமல்ல. இருக்கைத் தோலைப் படிநிலைக்கு ஏற்ப வழங்கலாம். ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் விரியவேண்டிய ஒரு பையை அவ்வாறு வழங்கியது அந்தப் பட்டியலின் அசிங்கமான பக்கம். ஹோல்டன் மட்டுமல்ல, அன்று உலகம் முழுவதும் இதே வழக்கம்தான் என்பார்கள். உண்மைதான், அதனால் அது அழகாகிவிடாது.

இந்த இடத்தில்தான் 2006இன் விஇ வரிசையை நாம் மதிக்கிறோம். காரைச் சறுக்கலிலிருந்து மீட்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை ஒமேகா முதல் உச்சப்படி வரை எல்லா செடான்களிலும் விலையோடு சேர்த்தே கொடுத்தார்கள். எஞ்சினிலும் கியரிலும் படிநிலை தொடரவே செய்தது. ஒமேகாவுக்கும் பெர்லினாவுக்கும் 180 கிலோவாட், நான்கு கியர் தானியங்கி. காலேயின் வி6க்கு 195 கிலோவாட், ஐந்து கியர். வி8 கொண்டவர்களுக்கு 270 கிலோவாட், ஆறு கியர். அது கிடக்கட்டும். மழையில் நனைந்த வளைவில் ஒமேகாக்காரருக்கும் காலேக்காரருக்கும் ஒரே காவல் கிடைத்தது. 1970இல் இருக்கைப் பட்டை அணிவதை உலகிலேயே முதலில் கட்டாயமாக்கிய விக்டோரியா மாநிலம் அந்நாட்டில்தான் உள்ளது. சட்டத்தின் வழியாகவே அதுவரை வந்துகொண்டிருந்த சமத்துவம் இம்முறை விலைப்பட்டியலின் வழியாக வந்தது. விஇ முதலில் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரங்களே பெற்றது. 2008இல் ஃபால்கன் ஐந்து பெற்று உள்நாட்டுத் தயாரிப்புகளில் முந்திக்கொண்டது. அதே ஆண்டில் கொமடோரும் எட்டிப் பிடித்தது. பாதுர்ஸ்டு பந்தயத்தில் இவ்விரு கார்களும் மோதிக்கொண்டதைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் உண்டு. இந்த நட்சத்திரப் பந்தயத்தைப் பாட யாருமில்லை.

இடைப்பட்ட காலத்தின் தொழில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984இல் தொழில் அமைச்சர் ஜான் பட்டன், உள்நாட்டில் கட்டப்படும் 13 வகைக் கார்களை ஆறாகக் குறைக்கவேண்டும் என்றார். நிறுவனங்கள் ஒருவர் காரை மற்றவர் பெயரில் விற்கத் தொடங்கின. 1989 முதல் 1997 வரை டொயோட்டா விற்ற லெக்ஸன் என்பது பெயர் மாற்றிய கொமடோரே. 1983இல் அமெரிக்கக் கோப்பையை வென்ற படகை வடிவமைத்த பென் லெக்ஸனின் நினைவாக வைத்த பெயர் அது. படகு வடிவமைப்பாளர் ஒருவரைக் கௌரவிக்க வேறொருவரின் காரைக் கடன் வாங்கிய ஜப்பானிய நிறுவனம்! இதற்கு முன்பே, 1986இல், ஈயமற்ற பெட்ரோலுக்கு ஹோல்டனின் பழைய எஞ்சின் பொருந்தாததால் நிசானின் மூன்று லிட்டர் எஞ்சினை இறக்குமதி செய்து கொமடோரில் வைத்தார்கள். 1988இல் விஎன் வரிசையில் கார் மீண்டும் அகலமாயிற்று. அமெரிக்க பியூக் வழிவந்த வி6 உள்ளே வந்தது. பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் சண்டையில்லாமல் உட்கார முடிந்தது. 1997இல் வந்த விடி வரிசை எல்லாவற்றையும் விஞ்சியது. 1998இல் மட்டும் 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொமடோர்கள் விற்றன. 1996 முதல் 2010 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற கார் அதுவே. 2011இல் மாஸ்டா3 அந்த இடத்தைப் பிடித்தது.

ஏன் பிடித்தது? இதற்கு வழக்கமான விடைகள் மூன்று. இறக்குமதி வரி 1980களின் நடுவில் 57.5 விழுக்காடாக இருந்து 2010இல் 5 விழுக்காடாக இறங்கியது. சுரங்கச் செழிப்பில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையும் தாண்டி உயர, ஏற்றுமதி நொடித்தது. அரசு மானியத்தைக் கைவிட்டது. மூன்றும் உண்மை, மூன்றையும் மறுப்பதற்கில்லை. நண்பர்கள் தத்தம் அரசியலுக்கேற்ப ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். நான்காவது ஒன்றை நாம் சேர்க்க விரும்புகிறோம். குடும்பத்தை அந்தக் கார் முதலில் கைவிட்டது. குடும்பம் அதைக் கைவிட்டது பிறகுதான்.

இதற்குச் சான்று ஸ்டேஷன் வேகன். விஎன் முதல் விஇசட் வரையான வேகன்கள் செடானைவிட நீண்ட சட்டத்தில், ஸ்டேட்ஸ்மன் என்ற சொகுசுக் காரின் நீளத்தில் கட்டப்பட்டவை. பின்னிருக்கையை மடக்கினால் ஒரு கட்டில் மெத்தையையே நுழைத்துவிடலாம். தச்சர், இசைக்குழு, நாய் வைத்திருப்பவர், நான்கு பிள்ளை பெற்றவர் என்று எல்லோருக்கும் அது உதவியது. 2008இல் ஸ்போர்ட்வேகன் என்ற பெயரோடு வந்த புதிய வேகனைச் செடானின் நீளத்துக்குள் அடக்கிவிட்டார்கள். பார்வைக்கு அழகான கார். முன்னதைவிடக் கணிசமாகச் சரக்கிடம் குறைந்த கார். ஸ்போர்ட் என்ற முன்னொட்டு எதை விலையாகக் கேட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

இன்னொரு சான்று 2003இல் வந்த அட்வென்ட்ரா. உயரமான இருக்கையையும் மண்பாதையில் போகும் வசதியையும் குடும்பங்கள் விரும்பத் தொடங்கியிருந்தன. அடுத்த ஆண்டே ஃபோர்டு, ஃபால்கனின் உறுப்புகளைக் கொண்டு டெரிட்டரி என்ற உயரமான காரை ஆறு சிலிண்டரோடு கொண்டுவந்து நன்றாக விற்றது. ஹோல்டனோ வேகனைச் சற்று உயர்த்தி, நான்கு சக்கர இயக்கம் கொடுத்து, தொடக்கத்தில் வி8 எஞ்சினில் மட்டும் விற்றது. பிள்ளைகளைப் பள்ளியில் விடும் தாய் ஒருத்தி ஒரு காரைக் கேட்டாள். அவளிடம் பந்தய எஞ்சினை நீட்டினார்கள். வி6 வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஏறத்தாழ நூறு கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் உருவான விஇ, முழுக்க முழுக்க அந்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் கொமடோர். ஓட்டுவதற்கு அது ஐரோப்பியக் கார்களுக்கு ஈடாக இருந்தது என்று அறிந்தவர்கள் எழுதினார்கள். ஆனால் முன் கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் அவ்வளவு தடிமன். வளைவில் எதிரே வருவதை மறைக்கும் அளவுக்கு. நடுமேடையோடு இழைந்து கிடந்த கைப்பிரேக் பலருடைய விரல்களைக் கடித்தது. ஜன்னல் பொத்தான்களை நடுவில் வைத்ததால் இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்க ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே கதவு போதுமானதாயிற்று, ஏற்றுமதிக்கு வசதி. ஏற்றுமதி என்றால் அமெரிக்காவுக்குப் போன்டியாக் ஜி8 என்றும், பிறகு செவ்ரோலே எஸ்.எஸ். என்றும், பிரிட்டனுக்கு வாக்ஸ்ஹால் என்றும் போனவை. அங்கெல்லாம் அதன் புகழ் வி8இன் உறுமலில்தான் இருந்தது. ஒமேகாவைக் கேட்டு யாரும் கடல்கடந்து கடிதம் எழுதவில்லை. 2009இல் போன்டியாக் என்ற பெயரையே அமெரிக்கத் தலைமை மூடியபோது ஜி8உம் அதோடு போயிற்று.

2013இல் வந்த விஎஃப், அலுமினிய முன்மூடியும் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதியும் குறைந்த விலையும் கொண்டு, எல்லா வகையிலும் மேலான கார். கீழ்ப்படிக்கு இவோக் என்று பெயர். நினைவைத் தூண்டுதல் என்று பொருள். அதே ஆண்டு டிசம்பரில் தொழிற்சாலை மூடல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,900 வேலைகள் போகும் என்றார்கள். ஃபோர்டு 2016 அக்டோபரிலும், டொயோட்டா 2017 அக்டோபர் 3ஆம் நாளும் நிறுத்தின. அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் நகரில் இருந்த ஹோல்டன் ஆலை அக்டோபர் 20ஆம் நாள் நின்றது. கொமடோர் என்ற பெயரை ஜெர்மனியிலிருந்து இறக்கிய ஓப்பல் இன்சிக்னியா மீது ஒட்டி இரண்டாண்டுகள் விற்றுப் பார்த்தார்கள். முதல் கொமடோரும் ஓப்பல்தானே என்று கேட்கலாம். அதன் முதுகெலும்பை மாற்றிக் கட்டியவர்கள் இம்முறை வீட்டில் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக அறிவிப்பு வந்தது.

எலிசபெத் ஆலையின் கடைசிக் கார் சிவப்பு நிற ரெட்லைன் செடான்; வி8. ஊழியர்களும் ஒளிப்படக்காரர்களும் சூழ வெளியே வந்தது அதுதான். ஏலங்களில் கூடுதல் விலை போவதும் வி8களே. ஓட்டாமல் துணி போர்த்திப் பாதுகாக்கப்படுவதும் அவைதான். நாற்பதாண்டுகளின் நினைவு இவ்வாறு உச்சப்படியில் மட்டும் சேகரமாகிறது. தொகைநூல்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஒரு காலத்தின் உச்சங்களைத் தொகுத்து வைத்துவிடுகிறோம்; அந்தக் காலம் அன்றாடம் பேசிய உரைநடை எங்கோ போய்விடுகிறது. அரை நூற்றாண்டு கழித்து அந்நாட்டுக் குழந்தை ஒன்று அருங்காட்சியகத்தைப் பார்த்தால், தன் பாட்டனார்கள் அனைவரும் பந்தயக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

பெட்ரோலைக் குடித்த, எண்ணிக்கையில் மிகுந்த, சிறப்பேதுமற்ற ஒரு காருக்கு இவ்வளவு கரிசனம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். எண்ணிக்கையில் மிகுந்தது என்பதே நம் விடை. லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போனதும் பிள்ளை பெற்று வீட்டுக்கு அழைத்து வந்ததும் அதில்தான். அந்த எக்ஸிகியூட்டிவ்கள் மூன்றாம் கை, நான்காம் கை மாறிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவில் பேர்ட்வுட் என்ற சிற்றூரில் தேசிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பளபளக்கும் வி8களுக்குப் பக்கத்தில், வெள்ளை நிற விஎஸ் எக்ஸிகியூட்டிவ் வேகன் ஒன்றுக்கு நிரந்தரமாக இடம் ஒதுக்கவேண்டும். சாம்பல் நிறத் துணி இருக்கை, வெயிலில் வெளிறிய பிளாஸ்டிக் சக்கரமூடி, இழுவைக் கொக்கி ஆகியவற்றோடு, மீட்டெடுப்பு என்ற பெயரில் யாரும் கைவைக்காமல், பின்னால் கிடக்கும் கடற்கரை மணலையும் கூட்டித் தள்ளாமல்.